ரேவதி படத்த ஃப்ளெக்ஸ்ல போடுறதுக்கு முன்னாடி எங்க புள்ளைகள கிரவுண்டுக்குள்ள விடுங்க

ஹெச்எம் டீச்சருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணனுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்க எல்லாருக்கும்,

போன கூட்டத்துல நீங்க எடுத்த முடிவு என்னன்னு என் மக சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒம்பதாவது பத்தாவதுக்கு இனிமே பி.டி. பீரியட் கிடையாது, அத கணக்குக்கும் சயின்ஸுக்கும் குடுத்தாச்சு, பொம்பளப் புள்ளைக சாயங்காலம் பெல் அடிச்சா வீட்டுக்குப் போயிரணும், கிரவுண்டுல நிக்கக் கூடாது. இதே கூட்டத்துலதான் ஆண்டு விழாவுக்கு கேட்ல பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கிறதுன்னும், அதுல நம்ம மதுரைப் பக்கத்து சக்கிமங்கலம் ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஓடுற படத்தப் போடுறதுன்னும் முடிவு பண்ணிருக்கீங்க. ரெண்டையும் ஒரே நோட்டுல ஒரே நாள்ல எழுதி கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எழுதும்போது யாருக்கும் ஒண்ணும் உறுத்தலையான்னுதான் எனக்குப் புரியல.

நான் ஷேர் ஆட்டோ ஓட்டுறவன். என் மக இந்த ஸ்கூல்ல ஒம்பதாவது படிக்கிறா, நானூறு மீட்டர் ஓடுவா. அவளையும் இன்னும் ரெண்டு மூணு புள்ளைகளையும் லீவு நாள்ல ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுக்கு நான்தான் கூட்டிட்டுப் போயி கூட்டியாறேன், அங்க கம்பிக்கு இங்கிட்டு நின்னு பாத்துப் பாத்தே ஓட்டத்தப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சு வச்சிருக்கேன். பெரிய கோச்சு எல்லாம் இல்ல. ஆனா யாரு எதுக்கு மூச்சு வாங்குறா, யாரு பசியில மூச்சு வாங்குறான்னு தெரியும்.

ரேவதி கதைய நீங்க ஃப்ளெக்ஸ் அளவுக்குத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்கன்னு நினைக்கிறேன், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன், கோச்சுக்காதீங்க. அந்தப் புள்ள ரொம்பச் சின்னதா இருக்கும்போதே அப்பா வயித்துல ஏதோ நோவுன்னு போயிட்டாரு, கொஞ்ச மாசத்துல அம்மாவும் மூளைக்காய்ச்சல்ல போயிட்டாங்க. இவளையும் தங்கச்சியையும் வளத்தது அம்மாச்சி ஆரம்மாள். அந்தம்மா அடுத்தவுக காட்டுலயும் செங்கச் சூளையிலயும் கூலி வேலை பாத்தவங்க. சொந்தக்காரவுகளே, ரெண்டு புள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு, எதுக்கு ஸ்கூலுன்னு சொல்லிருக்காங்க, அந்தம்மா மாட்டேன்னுட்டாங்க. இதெல்லாம் ரேவதியே பேட்டியில சொன்னது, நான் கட்டிச் சொல்லல.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். ரேவதிய ஓட்டக்காரியாக்கினது கோச் கண்ணன் சார், விளையாட்டு ஆணையத்துல இருந்தவரு. அவரு ரேவதிய எங்க பாத்தாருன்னு நினைக்கிறீங்க? ஏதோ அகாடமியிலயா? இல்ல. ஒரு ஜோனல் மீட்ல, அதாவது மண்டல அளவு ஓட்டப் போட்டியில. ஸ்கூல் முடிக்கிற வயசுல, காலுல ஷூ கூட இல்லாம ஓடிக்கிட்டிருந்த புள்ளையத்தான் அவரு பாத்தாரு. அவ ஸ்கூல்ல அப்ப யாராச்சும், பெரிய வகுப்பு வந்துட்ட, இனிமே ஓட்டமெல்லாம் வேணாம், போயி ஒரு மார்க் கேள்விய எழுதிப் பாருன்னு உக்கார வச்சிருந்தா கண்ணன் சாரு யாரப் பாத்திருப்பாரு? நீங்க இப்ப கிரவுண்டு கேட்ட மூடுறது அந்த வயசு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே. ஆறாவது ஏழாவது புள்ளைக ஓடட்டும்னு விட்டுட்டு, உண்மையிலயே வேகம் வர்ற வயசுல, உடம்பு கூடி வர்ற வயசுல, ஜோனல் டிவிஷனல்னு வெளிய நாலு பேர் கண்ணுல பட வேண்டிய வயசுல நிப்பாட்டுறீங்க.

கண்ணன் சார் பாத்ததோட முடியல. அம்மாச்சிக்கு மொதல்ல இஷ்டமில்ல, செலவுக்கு எங்க போறதுன்னு பயம் இருந்திருக்கும்ல, அவங்க கிட்ட பேசிப் பேசி சம்மதிக்க வச்சு, மதுரையில லேடி டோக் காலேஜ்ல சீட்டும் ஹாஸ்டலும் ஏற்பாடு பண்ணுனாரு. காலேஜ் மீட்லயும் வெறுங்காலுதான், 2016 ஜூனியர் நேஷனல்ஸ்லயும் வெறுங்காலுதான். அதுக்கப்பறம்தான் ஷூ, கிட்டு, சாப்பாடு எல்லாம் கண்ணன் சார் மூலமா கெடைச்சது. 2019ல பாட்டியாலா நேஷனல் கேம்புக்குப் போனப்ப அங்க கோச்சா இருந்த கலினா புகாரினான்னு ஒரு ரஷ்யா அம்மா, நூறு இருநூறு ஓடிக்கிட்டிருந்த புள்ளைய நீ நானூறு ஓடுன்னு மாத்துனாங்க. நடுவுல அடிபட்டு 2021 ஆரம்பத்துல ஓட முடியாமக் கெடந்து, அதே வருஷம் ஜூலைல ட்ரையல்ஸ்ல 53.55 செகண்டு ஓடி மொத ஆளா வந்து டோக்கியோ போச்சு. முகமது அனஸ், ரேவதி, திருச்சிப் பக்கத்து சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ், இந்த நாலு பேரும் ஆளுக்கு நானூறு மீட்டர் ஓடுற ஆண் பெண் கலப்பு ரிலே. நாலு பேர்ல மூணு பேரு தமிழ்நாட்டு ஆளுக, யோசிச்சுப் பாருங்க.

அந்த ரேஸ ஊரே டிவியில பாத்துச்சு. 3 நிமிஷம் 19.93 செகண்டு, மொதச் சுத்து ஹீட்ஸ்ல கடைசி. முடிஞ்ச ஒடனே எங்க ஸ்டாண்டுலயே ரெண்டு பேரு, "இதுக்குத்தான் இம்புட்டு அலப்பறையா"ன்னு கேட்டாய்ங்க. செங்கச் சூளையில வேலை பாத்த கெழவி வளத்த புள்ள, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் ஷூ இல்லாம ஓடுன புள்ள, பொறந்ததுல இருந்து டிராக்குலயே வளந்த நாட்டுக்காரவுக கூட ஒரே லைன்ல பேட்டன வாங்கி ஓடுது, இதுல கடைசியா மொதலான்னு கேக்குற வாய்க்கு என்ன சொல்ல. விடுங்க, அது வேற கதை.

நீங்க சொல்ற காரணத்துக்கு வர்றேன். ஹெச்எம் டீச்சர், உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு, நீங்க வந்தப்பறம்தான் கக்கூஸுல தண்ணி வருது, அத யாரும் மறக்கல. பத்தாவது ரிசல்ட்டு இறங்கிருச்சுன்னு மேல இருந்து கேக்குறாங்க, உங்களுக்கு அழுத்தம் இருக்கும், புரியுது. ஆனா அந்த பி.டி. பீரியட்ல என்ன நடக்குதுன்னு என் மக நோட்டப் புரட்டிப் பாத்தேன். கணக்கு டீச்சர் போஸ்ட்டு காலியா இருக்கு, அதனால அந்த நேரத்துல வேற டீச்சர் ஒருத்தர் வந்து உக்காந்துகிட்டு, புத்தகத்துல இருக்க எடுத்துக்காட்டுக் கணக்க அப்படியே பாத்து எழுதச் சொல்றாங்க. புள்ள அதையும் எழுதிருக்கு, பக்கத்துக்குப் பக்கம், அழகா மார்ஜின் போட்டு, ஒண்ணும் வெளங்காம. இதுக்காகவா அவ ஓட்டத்த நிறுத்துனோம்? ரிசல்ட்டு ஏறணும்னா காலியா இருக்க போஸ்ட்ட நிரப்பச் சொல்லி மனு எழுதுங்க, நான் ஊரு பூரா ஆட்டோவுல சுத்தி கையெழுத்து வாங்கியாறேன்.

உதயநிதி விளையாட்டு அமைச்சரா இருந்தப்ப மேடையிலயே சொன்னாரு, கணக்கு சயின்ஸ் டீச்சருங்க பி.டி. பீரியட கடன் வாங்காதீங்கன்னு. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சு கை தட்டுனோம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லாம் வச்சோம். இங்க கடன் கூட இல்ல, மொத்தமா எழுதி வாங்கிட்டாங்க.

படிச்சாத்தான் வேலைன்னு பெற்றோர் கழகத் தலைவர் அண்ணே கூட்டத்துல சொன்னீங்களாம். படிக்கட்டும்ணே, யாரு வேணாம்னா. ஆனா ரேவதிக்கு ரயில்வேல, அதுவும் நம்ம மதுரைக் கோட்டத்துல டிக்கெட் எக்ஸாமினர் வேலை எதுனால கெடைச்சது? ஓட்டத்துனாலதான. தமிழ்நாட்டு அரசு வேலையில வெளாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, அதுக்கு மாநில அளவு தேசிய அளவு சர்டிபிகேட் வேணும். அங்க போறதுக்கு மொதப் படி ஜோனல், அந்தப் படியத்தான் நீங்க இப்ப பேத்து எடுக்குறீங்க. வசதி இருக்கவன் புள்ளைக்கு இது இல்லேன்னா இன்னொண்ணு. எங்க புள்ளைகளுக்கு ஓடுற காலு ஒரு வழி, அதையும் அடைச்சுட்டா அப்பறம் ரெடிமேட் கம்பெனி வேன்தான் காலைல வந்து நிக்கும்.

அடுத்து பாதுகாப்பு. பொம்பளப் புள்ளைக சாயங்காலம் நின்னா பாதுகாப்பு இல்லைன்னு எழுதிருக்கீங்க. ஆனா அதே சாயங்காலம் அதே கிரவுண்டுல பசங்க ஆறரை வரைக்கும் கிரிக்கெட் வெளாடுறாய்ங்க, ஸ்கூல் பசங்க மட்டுமில்ல, படிச்சு முடிச்ச பெரிய பயலுக, ஊர்க்காரய்ங்க எல்லாம். அவிங்கள யாரும் வெளிய போன்னு சொல்லல. அப்ப ஆபத்து புள்ளைகளாலயா வருது? கூட்டத்துல ஒரு பெரிய மனுசர் "வயசுக்கு வந்த புள்ளைக ட்ரௌசரப் போட்டு ஓடுறத நாலு பேரு நின்னு பாக்குறாங்க"ன்னு சொன்னதாவும் கேள்விப்பட்டேன். பாக்குறவன வெரட்ட துப்பில்லாம ஓடுறவள வீட்டுக்கு அனுப்புறது என்ன நியாயம்யா. நான் அவ அப்பன், எனக்கு இல்லாத வெக்கம் அவருக்கு எதுக்கு வருதுன்னு தெரியல.

கிரிக்கெட் மேல எனக்குக் கோவம் இல்ல. உசேன் போல்ட்டே சின்னதுல கிரிக்கெட் வெளாண்ட ஆளுதான், பந்து போட ஓடி வர்ற வேகத்தப் பாத்துட்டு அங்க இருந்த கிரிக்கெட் கோச்சே, தம்பி நீ ஓடப் போன்னு அனுப்பி வச்சாரு. முதுகெலும்பு வளைஞ்ச ஆளு அவரு, அவருதான் 2009ல பெர்லின்ல நூறு மீட்டர 9.58ல ஓடுனாரு, இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் தொடல. அவங்க ஜமைக்கா எம்புட்டுப் பெருசு? மொத்த நாட்டுக்கும் சுமாரா நம்ம மதுரை மாவட்டத்து ஜனத்தொகைதான் வரும், கொஞ்சம் கம்மியாவே இருக்கும். ஆனா அங்க ஸ்கூல் புள்ளைக ஓட்டப் போட்டி 1910ல இருந்து நடக்குது, அதப் பாக்க நேஷனல் ஸ்டேடியம் நெறைஞ்சு வழியுது. நம்ம ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு பந்தல்காரரும் மைக் செட்காரரும்தான் கடைசி வரைக்கும் இருக்காங்க.

கிரவுண்டப் பத்தி ஒண்ணு சொல்லணும், இதுக்கு நீங்க யாரும் நேர்ல வந்து பாத்தீங்களான்னு தெரியல. ரோட்டு வேலைக்குன்னு கொண்டாந்த ஜல்லியும் எம்-சாண்டும் மேக்கால வளைவுல கொட்டிக் கெடக்கு, வேலை முடிஞ்சும் அள்ளல. நீங்க அனுமதி குடுத்துதான் கொட்டுனாங்க. அதனால புள்ளைக இப்ப நேரா நூறு மீட்டர் ஓடி, திரும்பி, மறுபடி நேரா ஓடுதுக. நானூறு மீட்டர்ல ரெண்டு வளைவு இருக்கு, வளைவுல ஓடுறதுதான் வித்தையே. உடம்ப உள்பக்கமா லேசா சாய்க்கணும், வலது கைய கொஞ்சம் கூட வீசணும், வேகத்தக் குறைக்காம சுத்தணும். இத பேசியெல்லாம் சொல்லிக் குடுக்க முடியாது, கால்தான் கத்துக்கணும். என் மக போன ஜோனல்ல ரெண்டாவது வளைவுல லைன மிதிச்சு உள்ள போயி, டிஸ்குவாலிஃபை ஆயிட்டா. அதுவரைக்கும் மூணாவது வந்துக்கிட்டிருந்தா. ஜல்லி மேட்டுக்கு இங்கிட்டே ஓடிப் பழகுன காலு வளைவ எங்க போயி கத்துக்கும்?

பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல நானூறு மீட்டர் தடை ஓட்டத்துல வெங்கலத்த விட்டது செகண்டுல நூத்துல ஒரு பங்கு. 55.41 ஓடுன ருமேனியாக்காரிக்கு மெடலு, 55.42 ஓடுன உஷாவுக்கு நாலாவது எடம். கோட்டுகிட்ட நெஞ்ச முன்னாடி தள்ளியிருந்தா கெடைச்சிருக்கும்னு இன்னைக்கும் பேசுறாங்க. அம்புட்டு நுணுக்கமான வெளாட்டு இது, சும்மா காலுல தெம்பு இருந்தா ஓடிரலாம்னு நினைக்காதீங்க. தினம் ஒரே எடத்துல, ஒரே வளைவுல, வேர்த்து வாந்தி எடுத்து, கடைசி நூறு மீட்டர்ல தொடை மரத்துப் போயி காலு தூக்க வராம வரும்போதும் தலைய ஆட்டாம ஓடிப் பழகணும். நடுவுல ஆறு மாசம் நிப்பாட்டுனா, பரிச்சை முடிஞ்சு வா பாப்பான்னு கூப்பிட்டா வந்துராது. வர்ற புள்ள வேற புள்ளையா வரும்.

இன்னொண்ணும் பாத்திருக்கேன். நம்ம ஸ்கூல்ல ஓடுற புள்ளைகளுக்கு ஒரே ஒரு ஜோடி ஸ்பைக்ஸ்தான் இருக்கு, அடியில ஆணி வச்ச ஓட்ட ஷூ, அதுவும் முன்னாடி இருந்த பி.டி. சார் கைக்காசுல வாங்கிக் குடுத்துட்டுப் போனது. ஏழாம் நம்பர். என் மகளுக்கு அஞ்சு. முன்னாடி துணியத் திணிச்சுக்கிட்டு அவ ஓடுவா, ஓடி முடிச்ச கையோட கழட்டி, அடுத்த ரேஸ்ல ஓடப் போற புள்ள ரெடியா நிக்கும், அது துணிய எடுத்துட்டு அப்படியே மாட்டிக்கும், சூடு கூட ஆறியிருக்காது. ஆணி ரெண்டு விழுந்து போச்சு, அதுக்குப் பதிலு ஆணி வாங்க நான் டவுன்ஹால் ரோட்டுல கடை கடையா ஏறி எறங்கியிருக்கேன். ப்ராக்டிஸ்ல எல்லாம் வெறுங்காலுதான். சீமைக்கருவேல முள்ளு குத்துனா ஊக்க எடுத்து அதுகளே ஒண்ணுக்கொண்ணு நோண்டி எடுத்து விட்டுக்கிட்டு, எச்சிலத் தொட்டு வச்சுட்டு மறுபடி ஓடப் போயிருதுக. உங்க ஃப்ளெக்ஸுக்கு ஆகுற காசுல ரெண்டு ஜோடி நல்ல ஸ்பைக்ஸ் வாங்கலாம், நான் வெலை விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்துச்சுல்ல, அதோட அட்டவணையிலயே ஸ்கூல்னா விளையாட்டு மைதானம் இருக்கணும்னு இருக்கு. மைதானம்னா புள்ளைக வெளாட, கான்ட்ராக்டர் ஜல்லி கொட்ட இல்ல. சட்டம் பேசணும்னு நான் வரல, ஆனா நம்மகிட்ட பேசுனா கேக்க மாட்டாங்க, அட்டவணைன்னு சொன்னாத்தான் கொஞ்சம் நிமிர்ந்து பாக்குறாங்க, அதனால சொல்றேன்.

எங்களுக்கு வேணுங்கிறத வெளிப்படையாச் சொல்லிர்றேன். ஒம்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் பி.டி. பீரியட டைம் டேபிள்ல இருந்தபடியே திருப்பிக் குடுங்க, பத்தாவதுக்கு ரிவிஷன் டெஸ்ட்டு நடக்குற வாரம் மட்டும் வேணா எடுத்துக்கங்க, அதுல யாரும் சண்டைக்கு வர மாட்டோம். பொம்பளப் புள்ளைகள சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கிரவுண்டுல விடுங்க, டீச்சருக இருக்க முடியாதுன்னா பரவால்ல, அம்மாமாருக முறை வச்சு நாளுக்கு ரெண்டு பேரு வந்து உக்காந்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க, நானும் அந்த நேரத்துல சவாரி எடுக்காம கேட்ல நிக்கிறேன். முடிஞ்சதும் தூரத்துப் புள்ளைகள வீட்டுல கொண்டு போயி விடுறது என் பொறுப்பு, அதுக்கு ஒரு பைசா வேணாம். கிரிக்கெட் வெளாடுற வெளியாளுகளுக்கு நாலரையில இருந்து ஆறு வரைக்கும் கிரவுண்டு இல்லைன்னு தலைவர் அண்ணே நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாய்ங்க, உங்க தம்பியும் அதுல வெளாடுறாப்ல.

ஜல்லியையும் எம்-சாண்டையும் ஜோனல் மீட்டுக்கு முன்னாடி அள்ளச் சொல்லுங்க. கான்ட்ராக்டர் வரலேன்னா சொல்லுங்க, ஸ்டாண்டுல இருக்க பயலுகளும் நானும் ஒரு ஞாயித்துக்கிழமை எறங்கி வரப்போரமா ஒதுக்கிர்றோம், ஆனா அது உங்க உத்தரவோட நடக்கணும், அப்பறம் பொருளத் திருடிட்டான்னு என் மேல கேஸு வரக் கூடாது. சுண்ணாம்புப் பொடி போட்டு ரெண்டு வளைவோட டிராக் கோடு போட்டுக் குடுங்க. பி.டி. சார் போஸ்ட்டும் கணக்கு டீச்சர் போஸ்ட்டும் காலியா இருக்குன்னு கல்வி ஆபீஸுக்கு மேலாண்மைக் குழு தீர்மானமாவே எழுதி அனுப்புங்க, நகல் எங்களுக்கும் ஒண்ணு வேணும்.

இதெல்லாம் பண்ணீங்கன்னா ஃப்ளெக்ஸ தாராளமா வையுங்க, கட்டுறதுக்கு கம்பு நானே கொண்டாறேன். பண்ண மாட்டோம்னா அந்தப் படத்த மட்டும் எடுத்துருங்க, ரேவதி பேர அந்த கேட்ல போடாதீங்க.

வர்ற கூட்டத்துக்கு புள்ளைகளோட அப்பா அம்மா நாங்க எல்லாரும் வர்றோம். எங்க முன்னாடியே பேசி, முடிவு எதுவா இருந்தாலும் நோட்டீஸ் போர்டுல எழுதிப் போடுங்க.

இப்படிக்கு,
ஒம்பதாவது படிக்கிற ஒரு புள்ளையோட அப்பா
ஷேர் ஆட்டோ டிரைவர், சிவகங்கை ரோடு